ஜெர்மனிக்குப் புதிதாக வரும் சேலத்தவருக்கு: காப்பீட்டை ஏற்கும் அறுவை மருத்துவரை அடையும் வழி

சேலத்தில் ஒருவருக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தால், ஐந்து ரோட்டிலோ ஸ்வர்ணபுரியிலோ கைராசி உள்ள சர்ஜன் யார் என்று உறவினரிடம் விசாரித்து, அன்று மாலையே டோக்கன் வாங்கிக் காத்திருப்போம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி வருபவருக்கும் வழி அதுதான். முதலில் மருத்துவர், பிறகே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்ற விசாரணை. ஜெர்மனியில் காப்பீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். இதை அறியாமல், அங்கு போன முதல் ஆண்டில் மூன்று வாரங்களை நான் வீணாக்கினேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வியே, "பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா?" என்பதுதான். பொதுக் காப்பீடு என்றதும், அங்கே தனியார் காப்பீட்டாளர்களை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். அரசுக் காப்பீடு என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், 1883-இல் பிஸ்மார்க் காலத்துச் சட்டத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டை நடத்துபவை 'காஸ்' எனப்படும் தன்னாட்சி நிதியங்களே. ஆகவே பெரும்பாலான மருத்துவர்கள் உங்களை ஏற்பவர்கள்தாம். ஏற்காதவரை அடையாளம் காண்பதுதான் வேலை. பெயர்ப் பலகையில் 'அல்லே காஸன்' என்றிருந்தால் எல்லா நிதியங்களும் செல்லும். 'பிரிவாட்பிராக்ஸிஸ்' என்றிருந்தால், நீங்கள் கையிலிருந்து பணம் கொடுத்தாலொழிய அங்கே வேலையில்லை.

சர்ஜனிடம் நேரடியாகப் போகச் சட்டம் தடுப்பதில்லை. ஆயினும் உங்கள் குடியிருப்புக்கு அருகே ஒரு 'ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்', அதாவது குடும்ப மருத்துவரைப் பிடித்து, அவரிடம் 'ஊபர்வைசுங்' என்னும் பரிந்துரைச் சீட்டு வாங்கிச் செல்வதே புத்திசாலித்தனம். பல கிளினிக்குகள் அந்தச் சீட்டில்லாமல் நேரம் ஒதுக்குவதில்லை என்பது ஒரு காரணம். அவசரம் என்று மருத்துவர் கருதினால் அதில் ஒரு குறியீட்டு எண்ணையும் சேர்த்துத் தருவார் என்பது அதைவிட முக்கியமான காரணம். அந்த எண்ணைச் சொல்லி, மருத்துவரிடம் நேரம் பிடித்துத் தரும் தொலைபேசிச் சேவையான 116117-ஐ அழைத்தால், ஒரு வாரத்துக்குள் நேரம் ஒன்றைக் கண்டறிந்து தருவதும், அது நான்கு வாரங்களுக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்ப்பதும் அந்தச் சேவையின் கடமை. எந்த மருத்துவர் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கைராசி பார்க்கும் நமக்கு அது சற்று உறுத்தும். உயிருக்கு ஆபத்தான நிலையில் 112-ஐ அழைக்க வேண்டும்.

வேலைத்தளத்தில் அல்லது வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் பாதை வேறு. அப்போது செலவை ஏற்பது உங்கள் காஸ் அன்று, தொழில்துறை விபத்துக் காப்பீடு. அதற்கென அங்கீகாரம் பெற்ற 'டி-ஆர்ட்ஸ்ட்' என்பவரிடம்தான் செல்ல வேண்டும். பெரும்பாலும் அவரும் அறுவை மருத்துவர் அல்லது எலும்பு மருத்துவராகவே இருப்பார். பரிசோதனையின்போது, விபத்து எங்கே நேர்ந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் தங்கிச் செய்ய வேண்டிய அறுவை என்றால், மருத்துவர் அனுமதிச் சீட்டு எழுதித் தருவார். நாளொன்றுக்கு 10 யூரோ, ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாட்களுக்கு நீங்கள் கட்டுவது. மற்ற பெருஞ்செலவு காஸினுடையது. ஆனால் அனுமதியின்போது நீட்டப்படும் காகிதங்களில், தலைமை மருத்துவரே அறுவை செய்ய வேண்டும், தனியறை வேண்டும் என்பன போன்ற கூடுதல் விருப்பங்களுக்கான ஒப்பந்தமும் கலந்திருக்கக்கூடும். ஊரில் பெரிய டாக்டரே பார்க்கட்டும் என்று கேட்டுப் பழகிய வாய்க்கு அது இயல்பாகத் தோன்றும். கையெழுத்திட்டால் அதற்கான கட்டணம் தனியாக உங்கள் தலையில் விழும்.

பித்தப்பை அகற்றுதல், மூட்டு மாற்று போன்ற திட்டமிட்ட அறுவைகள் சிலவற்றுக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் காஸ் செலவிலேயே பெறலாம். அவ்வுரிமையை அறுவைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே மருத்துவர் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் விளக்குவது உங்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கான செலவைப் பொதுவாகக் காஸ் ஏற்பதில்லை. எனவே ஜெர்மன் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரையும், சேலத்தில் எடுத்த பழைய ஸ்கேன் படங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள்.