வடசென்னையில் பேரிடர் நேரும்போது யாரை அழைப்பது, எதைச் சட்டப்படி கேட்பது

வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பிறகு எண்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தெருவில் தேங்கிய நீருக்கும் விழுந்த மரத்துக்கும் மாநகராட்சியின் 1913, ஆட்களை மீட்க வேண்டுமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, அங்கே இணைப்பு கிடைக்காவிட்டால் மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் 1070 ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தொடங்கும்போதே மாவட்டத்தைச் சொல்லிவிடுங்கள். திருவொற்றியூரும் மணலியும் சென்னை மாவட்டம், எண்ணூருக்கு அடுத்துள்ள அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் திருவள்ளூர் மாவட்டம்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையைத் தனிநபர் நேரடியாக வரவழைக்க இயலாது. நமக்கு அருகில் அரக்கோணத்தில் இருக்கும் அதன் நான்காவது படையணி, அரசு நிர்வாகம் கேட்டுக்கொண்டால்தான் படகுகளுடன் வரும். ஆகவே எந்தத் தெரு, எவ்வளவு தண்ணீர், படுக்கையில் இருப்பவரோ கர்ப்பிணியோ உண்டா என்று நீங்கள் தரும் தகவல்தான் படகு முதலில் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும். மாநிலங்கள் தங்களுக்கென மீட்புப் படை அமைத்துக்கொள்ள, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் வெளிப்படையாகவே இடமளித்திருக்கிறது.

வெளியேறச் சொன்னால் வெளியேறிவிடுங்கள். தகுந்த காரணமின்றி உத்தரவை மறுப்பது அதே சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

நம் பகுதிக்கு மிக முக்கியமானது வேறொன்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் புயலையும் வெள்ளத்தையும் மட்டுமன்றி, மனிதச் செயலாலோ விபத்தாலோ கவனக்குறைவாலோ நேரும் பெருங்கேட்டையும் பேரிடர் என்றே வரையறுக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறியதும் நம் கண்முன் நடந்தவை. இத்தகைய நேரங்களில் "இது ஆலைப் பிரச்சினை" என்று எவரும் தட்டிக்கழித்தால் ஒப்புக்கொள்ளாமல், இந்த வரையறையை மனுவிலேயே எழுதுங்கள். தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி ஆகிய குறைந்தபட்ச நிவாரணத்தோடு வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவிக்கும் நெறிமுறை வகுக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. சாதி, சமயம், பாலினம் பார்த்து நிவாரணம் தரக் கூடாது என்பது 61ஆம் பிரிவு.

எண்ணெய் படிந்த வலையையும் படகையும் கழுவுவதற்கு முன் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். இழந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்யான கோரிக்கைக்கு 52ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறை உண்டு. சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியருக்கு மனுவை முகவரியிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு நகலைக் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டின் விவரங்களைக் குறிப்பிட்டு, மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.