திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தைக் கற்பிக்கும் முறை

வடசென்னையின் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்திலும் ஞாயிறு காலை ஆராதனையில் சபையார் எழுந்து நின்று, தங்கள் நம்பிக்கையின் சுருக்கமான அறிக்கையாகிய அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அதைத் தடங்கலின்றிச் சொல்லுவார்கள். ஆனால் "உற்பவித்து" என்றால் என்ன என்று நிறுத்திக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளை, ஞானஸ்நான வாக்குறுதியைத் தாங்களே ஏற்றுச் சொல்லும் திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பை ஆயர் உங்களிடம் ஒப்படைத்திருந்தால், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கற்பித்ததில் நான் கண்டுகொண்ட முறை உங்களுக்குப் பயன்படலாம்.

முதல் வகுப்பில் வேதாகமத்தைத் திறப்பதற்கு முன், பிரமாணத்தை ஒவ்வொருவரும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது மறைந்திருக்கும் பிழைகள் எழுத்தில் வெளிப்பட்டுவிடும். "வலதுபாரிசத்தில்" என்பதை எழுதத் தெரியாமல் விழிப்பவர்களும், "பரமண்டலம்" என்பதை ஓர் ஊரின் பெயராக நினைத்திருப்பவர்களும் எப்போதும் இருப்பார்கள். பாரிசம் என்றால் பக்கம், பரமண்டலம் என்றால் விண்ணுலகம், உற்பவித்தல் என்றால் கருவில் உண்டாதல், பாதாளம் என்பது மரித்தோர் இருக்கும் இடம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்தப் பழந்தமிழை இன்றைய நடைக்கு மாற்றிக் கற்பித்தால் எளிதாக இருக்குமே என்று சிலர் கருதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பிள்ளைகள் தங்கள் பாட்டியோடு நின்று ஒரே குரலில் சொல்லப்போவது இந்தச் சொற்களைத்தான்.

அடுத்து, இந்தப் பிரமாணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொரு வரி சொல்லி இதை அமைத்தார்கள் என்பது பழைய கதை. உண்மையில் இது ரோமாபுரிச் சபையில் ஞானஸ்நானம் பெறுவோர் சொன்ன அறிக்கையிலிருந்து வளர்ந்து, ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் இப்போதைய வடிவத்தை அடைந்தது. அதனால்தான் இது "விசுவாசிக்கிறேன்" என்று ஒருமையில் பேசுகிறது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பேராயர்கள் வகுத்து, 381ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் விரிவடைந்த நிசேயா பிரமாணமோ, கிரேக்க மூலத்தில் "விசுவாசிக்கிறோம்" என்று தொடங்குகிறது. அது பேராயர்கள் கூடிய சங்கத்தின் குரல். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது, இந்த இரண்டு பிரமாணங்களையும் ஏற்றுக்கொண்டதோடு, இரட்சிப்புக்குத் தேவையான யாவும் வேதாகமத்தில் அடங்கியிருக்கின்றன என்பதையும் அடித்தளமாக வைத்தார்கள். வரலாற்றில் இதற்கு மேல் போகத் தேவையில்லை.

இனி ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகளை வழக்கமாக்குங்கள்: இந்த வரி எதை உறுதியாகச் சொல்கிறது, எதை மறுக்கிறது? பிரமாணத்தின் பல வரிகள் யாரோ வேறு விதமாகச் சொன்னதற்கு மறுமொழியாகக் கூர்மை பெற்றவை. "வானத்தையும் பூமியையும் படைத்த" என்ற சொற்களைச் சொல்லும் சபை, பொருளுலகம் தீயது, அதை நல்ல கடவுள் படைத்திருக்க முடியாது என்று இரண்டாம் நூற்றாண்டில் கற்பித்தவர்களை மறுத்து நிற்கிறது. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் மற்ற வரிகளிலும் எதிராளியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் வகுப்பு தானாக நடக்கும்.

"பிதா" என்ற சொல்லில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். தகப்பனை இழந்த பிள்ளையும், தகப்பனைக் கண்டு அஞ்சும் பிள்ளையும் உங்கள் முன் அமர்ந்திருக்கக்கூடும். தேவனை நம் வீட்டுத் தகப்பனைக் கொண்டு அளக்காமல், இயேசு அவரை எப்படி அழைத்தார், அவரிடம் எப்படி ஜெபித்தார் என்பதிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரங்களை ஒதுக்குங்கள். இந்தப் பகுதியில் நமக்குக் கேள்விகள் வெளியிலிருந்தே வந்துவிடும். மண்ணடியில் படிக்கும் பிள்ளையிடம் இசுலாமிய நண்பன் "உங்களுக்கு மூன்று கடவுளா?" என்று கேட்டிருப்பான், இன்னொரு பிள்ளையிடம் பக்கத்து வீட்டு அக்கா "எங்கள் மும்மூர்த்திகள் மாதிரிதானே?" என்று அன்போடு கேட்டிருப்பார். இரண்டுக்கும் மரியாதையான, தெளிவான விடையைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4இல் தொடங்குங்கள், தேவன் ஒருவரே என்பதில் நாம் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. பின்னர் இயேசு ஞானஸ்நானம் பெறும் மத்தேயு 3ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள்: குமாரன் யோர்தானில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில், ஒருவர் மற்றவராகாமல் இருக்கிறார்கள். படைத்தல் ஒருவருக்கு, காத்தல் இன்னொருவருக்கு என்ற தொழிற்பிரிவும் இங்கே இல்லை. பிதா குமாரனைக் கொண்டு படைத்தார் என்று யோவான் 1:3 சொல்ல, ஆதியாகமம் 1:2இல் ஆவியானவர் தண்ணீரின்மேல் அசைவாடுகிறார். தேவன் ஒருவர், ஆள்தத்துவங்கள் மூன்று என்று சபை சொல்வது இதைத்தான்.

உவமைகளை விட்டுவிடுங்கள் என்பதே இங்கே என் முக்கியமான ஆலோசனை. நான் பல ஆண்டுகள் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்ற உவமையைப் பெருமையாகச் சொல்லிவந்தேன். ஒரு நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியானால் கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார்?" என்று கேட்டாள், எனக்கு விடை வரவில்லை. ஒரே பொருள் மூன்று நிலைகளில் மாறி மாறித் தோன்றுகிறது என்ற அந்த உவமை, மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவரின் பெயரால் அறியப்பட்டு, சபை தள்ளிவிட்ட போதனைதான் என்று வீட்டுக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓடு, வெண்கரு, மஞ்சள்கரு என்ற முட்டை உவமை தேவனை மூன்று துண்டுகளாக்கிவிடுகிறது. உவமையால் விளங்காததை யோர்தான் காட்சி விளக்கும். அதற்கு மேலும் புரியாத பகுதி இருப்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டாம்.

கிறிஸ்துவைப் பற்றிய வரிகளுக்கு வரும்போது, அலெக்சாந்திரியாவின் ஆரியு என்ற குரு, குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்ததையும், அதற்கு எதிராகவே நிசேயாச் சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டதையும் சொல்லுங்கள். அவர் மெய்யான தேவன், மெய்யான மனிதன், ஒரே ஆள் என்பதை 451ஆம் ஆண்டு கல்செதோன் சங்கம் இன்னும் தெளிவாக வரையறுத்தது. மனிதராகத் தோன்றினார், ஆனால் மனிதரல்ல என்று நினைக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் அதிகம். "பாடுபட்டு, மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு" என்ற மூன்று சொற்களும் அவர்களுக்கானவை.

பொந்தியு பிலாத்துவின் பெயர் ஏன் வருகிறது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டி விடை சொல்லலாம். ஹாரிஸ் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், 1856இல் அந்த நிலையம் திறக்கப்பட்டது என்று சொல்லும்போது ஹாரிஸைப் புகழ்வது நம் நோக்கமன்று, காலத்தைக் குறிப்பதே நோக்கம். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர். சிலுவை மரணம் எங்கோ எப்போதோ நடந்த புராண நிகழ்வாக இல்லாமல், ஆளுநரின் பெயரோடு தேதியிடப்பட்ட நிகழ்வாக நிற்க வேண்டும் என்பதே அந்த வரியின் வேலை. "பாதாளத்தில் இறங்கினார்" என்ற வரிக்கு விளக்கங்கள் பல உண்டு. அவர் மெய்யாகவே மரித்தோரின் நிலைக்குப் போனார் என்பதோடு நிறுத்திக்கொள்வது போதும்.

"பரிசுத்த பொதுவான சபை" என்பதில் நம் பகுதிப் பிள்ளைகள் குழம்புவது இயல்பு, ஏனெனில் ராயபுரம் புனித பேதுரு ஆலயத்துக்கோ பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கோ போகும் நண்பர்கள் அதே இடத்தில் "கத்தோலிக்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பார்கள். மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான். எங்கும் உள்ள, முழுமையான என்பது அதன் பொருள். எந்தப் பெயர்ப்பலகை மாட்டிய ஆலயமானாலும், கிறிஸ்துவின் ஒரே சபையை நாம் அறிக்கையிடுகிறோம்.

"பாவமன்னிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் சீர்திருத்தச் சபைகளின் இதயமே இருக்கிறது, ஆனால் பிரமாணம் அதை விரித்துப் பேசுவதில்லை. ஆகவே எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு. நல்ல மதிப்பெண், ஒழுங்கான ஆலய வருகை ஆகியவற்றால் தேவனிடம் வரவு வைக்க முடியும் என்று எண்ணும் பிள்ளைக்கு இது புதிய செய்தி. அப்படியானால் எப்படியும் வாழலாமா என்று கேட்பவனுக்கு, நற்செயல்களைப் பற்றிப் பேசும் அடுத்த வசனத்தையும், யாக்கோபு 2ஆம் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.

ஞானஸ்நானமும் திருவிருந்தும் அப்போஸ்தலர் பிரமாணத்தில் இல்லாவிட்டாலும் அவற்றைக் கற்பிக்காமல் விட முடியாது. தெருவுக்கொரு பெந்தெகொஸ்தே ஜெப வீடு இருக்கும் பகுதியில் "முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டாயா?" என்ற கேள்வியை நம் பிள்ளைகள் எதிர்கொள்கிறார்கள். ஞானஸ்நானம் ஒரே முறைதான் என்பதும், குழந்தையாயிருக்கையில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நமக்காகச் செய்த வாக்குறுதியை நாமே ஏற்றுச் சொல்வதே திடப்படுத்தல் என்பதும் நம் சபையின் நிலை. கேட்டவரைக் குறைசொல்லாமல் இந்த விடையைச் சொல்லப் பழக்குங்கள்.

கடைசி வாரத்தை "சரீரம் உயிர்த்தெழுதல்" என்ற வரிக்கு முழுமையாகக் கொடுங்கள். உடல் அழியும், ஆத்துமா மட்டும் மேலே போகும் என்பதே பிள்ளைகள் மனத்தில் இருக்கும். பிரமாணம் அப்படிச் சொல்லவில்லை. முடிந்தால் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்கு அவர்களை அழைத்துப் போய், 1 கொரிந்தியர் 15இல் பவுல் விதையைப் பற்றிச் சொல்வதை அங்கே வாசியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு ஆவியல்ல என்று காட்டப் பொரித்த மீன் உண்டதை லூக்கா 24 சொல்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போகும். அதே பிள்ளைகளில் ஒருவர், கடலுக்குப் போய் உடலும் கிடைக்காதவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள் என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வீட்டின் துக்கம் இருக்கலாம் என்பதால் அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்ற வெளிப்படுத்தின விசேஷம் 20:13ஐ அவரையே வாசிக்கச் சொல்லிவிட்டு, சற்று நேரம் அமைதியாக இருங்கள்.

ஆயர் பிள்ளைகளைத் தனித்தனியே சந்திப்பதற்கு முன், பிரமாணத்தைத் தங்கள் சொந்தச் சொற்களில் மீண்டும் எழுதி வரச் சொல்லுங்கள். முதல் வாரத் தாளோடு அதை ஒப்பிட்டால் எந்த வரியில் இன்னும் உழைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் சில வரிகளை நான் இன்னும் நம்பவில்லை என்று எழுதும் பிள்ளையைத் திருத்த முனையாமல், மாற்கு 9:24இல் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனைப் பற்றி அவரோடு பேசுங்கள். அதன் பின்னும் அவர் காத்திருக்க விரும்பினால், அடுத்த ஆண்டு வகுப்பில் அவருக்கு இடம் இருக்கிறது என்று அவருடைய பெற்றோருக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.