வைக்கம் தெருக்களில் நடந்துவிட்டு வகுப்பெடுங்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் ஆசிரியர்கள் பலர் வைக்கம் சத்தியாகிரகத்தைக் கோயில் நுழைவுப் போராட்டமாகவே நடத்துகிறார்கள். 1924 மார்ச் 30 அன்று அது தொடங்கியது, கேரளத்தின் வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்கும் உரிமைக்காக. அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்தவர் இதை மாற்றிச் சொல்லமாட்டார்.

எர்ணாகுளத்திலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் பேருந்து உண்டு. 'வைக்கம் ரோடு' ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிறது. கார்த்திகையில் வரும் கோயில் திருவிழாவான வைக்கத்தஷ்டமி நாட்களில் போகாதீர்கள். கூட்டத்தில் நின்று பேச முடியாது.

எட்டுப் பேர் போனால் தெருவுக்கு இருவராகப் பிரியுங்கள். கையில் ஊர் வரைபடம் இருக்கட்டும். கிழக்குத் தெருவில்தான் அதிக நேரம் நில்லுங்கள். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள்தான் எல்லோருக்கும் திறந்தன, கிழக்கு விடுபட்டது. கோயிலுக்குள் போகும் உரிமை, அன்று வைக்கத்தை ஆண்ட திருவிதாங்கூர் மன்னரின் 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனத்தோடுதான் வந்தது. 'வெற்றி' என்று ஒரே வரியில் முடித்துவிடும் பாடம் இந்த இடத்தில்தான் திருந்துகிறது.

அடுத்து இண்டந்துருத்தி மனை, போராட்டத்தை எதிர்த்த நம்பூதிரித் தலைவரின் வீடு. 1925 மார்ச்சில் பேச வந்த காந்தியை வீட்டுக்குள் விடாமல் வெளியே உட்காரவைத்துப் பேசினார்கள். இன்று அது கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பெரியார் நினைவகத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் அங்கே போனால், இருமுறை சிறை சென்ற பெரியாரின் கதையாக மட்டும் பாடம் சுருங்கிவிடும். முதல் நாள் தடையை மீறப் போன குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் மூவரும் மறைந்துபோவார்கள். புலையர், ஈழவர், நாயர் என மூன்று சாதியினரைச் சேர்த்து அனுப்பியது தற்செயல் அல்ல. மூவரில் நாயருக்கு அந்தத் தெருவில் தடையே இல்லை.

பலரும் படங்களோடு மட்டும் திரும்புகிறார்கள். கேள்வி இல்லாமல் போனதுதான் காரணம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: இங்கே எது தெரிகிறது, எது அழிந்துவிட்டது, யார் பெயர் எங்கும் இல்லை.

திரும்பிய வாரத்திலேயே இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதல் வகுப்பில் எந்தத் தலைவர் பெயரும் வேண்டாம். நான்கு தெருக்களைக் கரும்பலகையில் வரைந்து, இந்தத் தெரு யாருடைய வரிப்பணத்தில் போட்டது, யார் நடக்கலாம் என்று கேளுங்கள். பேச்சு சூடுபிடித்த பிறகு தேதிகளைச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பில் திருவிதாங்கூர் சட்டமன்ற வாக்கெடுப்பை எடுங்கள்: 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் 21-க்கு 22 என்று தோற்றது. சட்டமன்றத்தில் தோற்ற பிறகு போராடுபவர்களுக்கு என்ன வழி மிச்சம் என்று பிள்ளைகள் குழுவாக விவாதிக்கட்டும்.

தீண்டாமையை வகுப்பில் நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள். "உன் வீட்டில் என்ன நடந்தது?" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்காதீர்கள். அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாத சாதி அன்றோடு வெளியாகிவிடும், இடைவேளையில் அந்தப் பிள்ளைதான் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். சொல்ல விரும்புபவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரட்டும். அதையும் வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம்.