பக்கத்து இருக்கையிலும் கேன்சர்: பயணப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மாத்திரை டப்பாவைத் திறக்கிறார். அந்த அட்டையைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிடுகிறது. நீங்களும் அதை விழுங்கியவர்தான். "எனக்கும் கேன்சர்தாங்க" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், வீட்டாரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத இருவர் பேசிக்கொள்வார்கள். இனிமேல் பார்க்கப் போவதில்லை என்பதே அந்தத் துணிச்சலைத் தரும். அதே நேரம், பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து போகவும் வழியில்லை. ஜன்னலோரத்தில் இருப்பவர் அடுத்த ஆறு மணி நேரமும் உங்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, தோற்றத்தைப் பார்த்து முடிவு கட்டுவது. தலைமுடி இல்லை என்றால் கீமோ என்று நினைத்துவிடுகிறோம். அது அலோபீசியா என்ற முடி உதிர்வு நோயாக இருக்கலாம், அவரே விரும்பி மழித்ததாகவும் இருக்கலாம். மறுபக்கம், எல்லாக் கீமோவும் முடியைக் கொட்ட வைப்பதில்லை. கொட்டினாலும் பெரும்பாலும் முதல் மருந்து ஏறி 2 முதல் 3 வாரம் கழித்தே தொடங்கும். விமான நிலையங்களில் சிலர் கழுத்தில் சூரியகாந்திப் பூப்போட்ட பச்சைப் பட்டி தொங்கும். 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய அந்த அடையாளம், வெளியே தெரியாத எந்த உடல்நலக் குறைக்கும் பொது. அதைப் பார்த்துவிட்டு "எந்த கேன்சர்?" என்று கேட்காதீர்கள்.

கேட்பதற்குப் பதில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லுங்கள். "போன வருஷம் கீமோ எடுத்தேன், ரொம்ப நேரம் உட்கார்ந்தா இன்னும் கால் மரத்துப்போகுது." அதோடு நிறுத்திவிடுங்கள். அவருக்குப் பேசத் தோன்றினால் அடுத்த கேள்வி அவரிடமிருந்து வரும். "ஓ, அப்படியா" என்று போனைப் பார்த்தால் அதுவே பதில்.

அதிகம் காயப்படுத்துவது ஒப்பீடு. "எனக்கும் மார்பகப் புற்றுநோய்தான்" என்று சொன்னதும் இருவருக்கும் ஒரே நோய் என்று தோன்றும். உண்மையில் கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். ஒருவர் ஹார்மோன் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை 5 முதல் 10 வருடம்வரை சாப்பிடுவார். அந்த ஏற்பிகளும் ஹெர்2வும் இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை உள்ளவருக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. "எனக்கு ஆறே கீமோ, முடிஞ்சுது, உங்களுக்கு எப்ப முடியுது?" என்பது சாதாரணக் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் நோய் உடலின் வேறு பாகங்களுக்கும் பரவிய ஸ்டேஜ் 4இல் பலருக்குச் சிகிச்சைக்கு முடிவுத் தேதியே கிடையாது. அவர் அந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டும், அல்லது முழுக் கதையையும் சொல்ல வேண்டும். "இப்ப எப்படிப் போகுது?" என்று கேளுங்கள், எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கும்.

ஐந்து வருடம் பிழைப்போர் சதவீதத்தையும் எடுத்துவிடாதீர்கள். அது பல வருடம் முன்பு நோய் தெரியவந்த ஒரு கூட்டத்தின் சராசரி. எதிரே இருப்பவரின் கணக்கு அல்ல. "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்" என்று தொடங்கும் முன், அந்தக் கதை எங்கே முடிகிறது என்று ஒரு நொடி யோசியுங்கள். சாவில் முடியுமானால் தொடங்கவே வேண்டாம்.

அடுத்தது வைத்தியம் சொல்வது. அக்கறையில்தான் சொல்கிறோம், ஆனாலும் ஆபத்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இமாடினிப், இரினோடீகான் போன்ற கேன்சர் மருந்துகளின் அளவை உடலில் குறைத்துவிடும். மூலிகைதானே என்று கொடுத்தது மருந்தின் வேலையைக் கெடுக்கும். மீந்த மாத்திரையைக் கொடுப்பதும் கூடாது. மார்ஃபின் வகை வலி மருந்தாக இருந்தால், தன் பெயரில் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டும்போது அவர் சட்டச் சிக்கலில் மாட்டலாம்.

உடம்பு விஷயத்தில் சின்னச் சின்ன அன்புகளே தொல்லையாகும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய சில நாட்களுக்கு, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்தாலே விரல் நுனிகளில் ஊசி குத்தும். ஒரு மடக்கு குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். "ஜில்லுன்னு இருக்கு, குடிங்க" என்று நீட்டாமல், எது வேண்டும் என்று கேளுங்கள். கட்டிப்பிடிக்கும் முன்பும் கேளுங்கள்: காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மருந்து ஏற்றப் பொருத்திய போர்ட் இருக்கலாம், அறுவை செய்த பக்கம் கை வீங்கியிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். பையைத் தூக்கி வைக்கலாமா என்று கேட்பதுதான் உதவி. உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் தள்ளி உட்காருங்கள். ஒவ்வொரு முறை கீமோ ஏறியபின் சுமார் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் எடுத்தவர் நீங்கள் என்றால், கவனம் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை, முக்கியமாகக் கர்ப்பிணி, குழந்தை பக்கத்தில், மணிக்கணக்கில் உட்கார வேண்டாம்.

கூட வந்தவரிடம் பேசும்போது இன்னொரு எச்சரிக்கை. நோயாளியிடம் நோயின் பெயரையே சொல்லாத குடும்பங்கள் நிறைய உண்டு. அவர் தூங்கும்போது மகள் உங்களிடம் எல்லாம் சொல்லியிருக்கலாம். அவர் விழித்ததும் அந்தப் பேச்சு அதோடு நிற்க வேண்டும். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மகளிடம் முதலிலேயே மெதுவாகக் கேட்டுவிடுவது நல்லது.

படம் எடுத்துப் போடுவது, சிகிச்சைக்குப் பணம் திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். உங்களிடம் யாராவது பணம் கேட்டால், மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று விசாரியுங்கள்.

இறங்கும்போது அவர் எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவரே எண் கொடுத்திருந்தால், ஸ்கேன் நாளன்று "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று அனுப்பாமல், "இன்னைக்கு உங்களை நினைச்சுக்கிட்டேன், பதில் போட வேண்டாம்" என்று எழுதுங்கள்.