லிங்க் திறந்தால் மட்டும் போதாது: பிளாக்கை இடம் மாற்றியபின் டாக்ஸில் நடக்கும் தவறுகள்

சேலத்திலிருந்து வந்து எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், முதல் வாரமே லேப்டாப்பும் கையுமாக என் மேசைக்கு வந்தார். "அண்ணா, லிங்க் எல்லாம் திறக்குது. ஆனா கைடு சொல்ற விஷயம்தான் அங்க இல்ல."

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கம்பெனி பிளாக்கைப் புதிய தளத்துக்கு மாற்றி முடித்திருந்தோம். டாக்ஸில், அதாவது எங்கள் மென்பொருளின் விளக்க ஆவணங்களில், இருந்த பழைய பிளாக் முகவரிகளை ஒரே ஸ்கிரிப்ட்டில் மாற்றினோம், லிங்க் சோதனையை ஓட்டினோம், எல்லாம் பச்சை. பெங்களூரு மாரத்தஹள்ளி அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மடிவாளாவில் ஊருக்கு பஸ் பிடித்தோம்.

அவர் காட்டிய வரி இது: "கனெக்‌ஷன் டைம்அவுட்டை ஏன் குறைவாக வைக்கிறோம் என்று இந்தப் பதிவில் படிக்கவும்." அழுத்தினால் புதிய பிளாக்கின் முகப்புப் பக்கம் வந்தது. அடையாளம் தெரியாத பழைய முகவரி எது வந்தாலும் முகப்புக்குத் திருப்பிவிடு என்று சர்வரில் ஒரு விதி இருந்தது. சோதனைக் கருவி கேட்டது, சர்வர் கடைசியில் 200, அதாவது 'பக்கம் இருக்கிறது', என்று பதில் சொன்னது, கருவி திருப்தியானது. படிக்க வந்தவர்தான் நடுத்தெருவில் நின்றார்.

முகப்புக்கு மொத்தமாகத் திருப்புவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். பக்கம் இல்லை என்றால் அதைச் சொல்லும் 404 குறியீட்டைக் கொடுப்பதே நேர்மை. வேண்டுமென்றே நீக்கிய பக்கம் என்றால் 410. அப்போதுதான் வாசகருக்கும் புரியும், சோதனைக் கருவியிலும் சிவப்பு தெரியும். தொடர்பில்லாமல் முகப்புக்குத் திருப்பிவிட்ட பக்கங்களை கூகுளும் 'சாஃப்ட் 404', அதாவது இல்லாத பக்கம், என்றுதான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொன்று இருக்கிறது, பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் ஆங்கர். முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் சர்வரில் எத்தனை ரீடைரெக்ட் விதி (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி) எழுதினாலும், அந்தப் பகுதி என்ன என்று பார்த்து அதற்கேற்பத் திருப்ப முடியாது. தலைப்பிலிருந்து ஆங்கர் பெயரை உருவாக்கும் முறை தளத்துக்குத் தளம் வேறு. பழைய தளத்தில் ஏழாவது பத்திக்குப் போன லிங்க், புதிய தளத்தில் பக்கத்தின் தலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். நீளமான பதிவாக இருந்தால் வாசகர் தேடி அலுத்துவிடுவார். டாக்ஸ் உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்க்ஸின் லிங்க்செக் ஆங்கரையும் பக்கத்துக்குள் தேடிப் பார்க்கும். லைச்சீ என்ற லிங்க் சோதனைக் கருவியில் அதற்கான விருப்பத்தை நாம்தான் இயக்க வேண்டும். அதைச் செய்யாமல் வந்த பச்சையை நம்ப வேண்டாம்.

அடுத்து எல்லோரும் செய்வது, ஒரே அடியில் தேடி மாற்றுவது. பழைய டொமைனை எடு, புதியதை வை, ஒரு வரி கமாண்டில் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ரெப்போவில் (கோடும் டாக்ஸும் இருக்கும் களஞ்சியத்தில்) முகவரி போலத் தெரிவதெல்லாம் லிங்க் இல்லை. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) தரும் பதிலுக்கு உதாரணமாகப் பழைய முகவரியைப் போட்டிருப்பார்கள், அதே முகவரியை எதிர்பார்த்து ஒரு டெஸ்ட் காத்திருக்கும். 'எச்டிடிபி எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ் ஆக்கிவிடலாம், இதோடு சேர்த்து' என்று கிளம்புவது இன்னும் ஆபத்து. எஸ்விஜி வகைப் படக் கோப்பின் தொடக்கத்தில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முகவரி ஒன்று எச்டிடிபி என்று தொடங்கும். அது யாரும் போய்ப் பார்க்க வேண்டிய இடமில்லை, வெறும் அடையாளப் பெயர். அதில் ஓர் 'எஸ்' சேர்த்தால், தனிக் கோப்பாக இருக்கும் எஸ்விஜியை பிரவுசர் படமாகவே மதிக்காது. டாக்ஸில் இருந்த வரைபடங்களெல்லாம் மாயமாகும், காரணம் தேடி அரைநாள் போகும்.

நான் இப்போது செய்வது இதுதான். டாக்ஸிலிருந்து பழைய டொமைன் வரும் வரிகளை எல்லாம் உருவி, ஒரே முகவரி திரும்பத் திரும்ப வருவதை நீக்கினால் ஒரு பட்டியல் கிடைக்கும். பயந்த அளவுக்கு நீளமாக இருக்காது. அதை ஒரு ஷீட்டில் போட்டு, பழைய முகவரி, புதிய முகவரி, பதிவின் தலைப்பு, அதைச் சுட்டும் வாக்கியம் என்று நான்கு நெடுவரிசை வைக்கிறேன். நான்காவது நெடுவரிசைதான் முக்கியம். அந்த வாக்கியம் எதை வாக்குறுதி தருகிறதோ அது புதிய பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். கருவியால் இதைச் செய்ய முடியாது. சரி பார்த்த பிறகு மாற்றத்தை ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கலாம். லிங்க் மாற்றத்துக்கென்று தனி கமிட் (ரெப்போவில் ஒரு மாற்றப் பதிவு) போடுங்கள். எழுத்துத் திருத்தத்தையும் அதிலேயே கலந்தால், பின்னால் எது எங்கே உடைந்தது என்று பிரித்தெடுக்க முடியாது.

முகவரியில் தேதி வரும் பிளாக் என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். நமக்கும் உலகப் பொது நேரமான யூடிசிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ரிலீஸ் இரவுகளில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பதிவு போடுவது பெங்களூரு டீம்களில் சகஜம். பழைய தளம் இந்திய நேரத்தில் 12ஆம் தேதி என்று முகவரி கொடுத்திருக்கும். புதிய தளம் யூடிசியில் கணக்கிட்டால் அதே பதிவு 11ஆம் தேதிக்குப் போய்விடும். பகலில் போட்ட பதிவுகளெல்லாம் சரியாக வர, இரவுப் பதிவுகள் மட்டும் உடையும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

தமிழில் தொழில்நுட்பக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியும் (கணினி தனியாக எண்ணும் எழுத்து அலகு) யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் மூன்று பைட், சதவீதக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. 'கு' என்பதே இரண்டு குறி. 'மென்பொருள்' என்ற ஒரு சொல்லுக்கு 90 எழுத்து ஆகிறது. பிளாக் மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தரும், அதாவது சுமார் 22 குறி. நீளத் தலைப்பு வைத்த பதிவுகளின் முகவரி நடுவில் வெட்டப்பட்டிருக்கும். புதிய தளம் முழுத் தலைப்பிலிருந்து முகவரி உருவாக்கினால் இரண்டும் பொருந்தாது. அதோடு 'பொ' என்பதில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. ஆகவே தமிழ் முகவரிகளைத் தலைப்பிலிருந்து ஊகிக்காமல், பழைய தளத்தின் சைட்மேப்பிலிருந்து (எல்லாப் பக்க முகவரிகளின் பட்டியல்) அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கை எட்டாத இடங்கள். டாக்ஸ் ரெப்போவைத் திருத்தியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் தளமான பைபிஐயில் வெளியிட்ட ஒரு பதிப்பின் ரீட்மீயை (அறிமுகக் குறிப்பை), புதிய பதிப்பு வெளியிடாமல் மாற்ற முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம்மிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் இரண்டு வருடத்துக்கு முன் நிறுவிய பதிப்பு, எரர் வரும்போது திரையில் காட்டும் லிங்க்கை நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்? இவற்றுக்கெல்லாம் இருக்கும் ஒரே பிடி, பழைய டொமைனும் அதிலுள்ள ரீடைரெக்ட்டும்தான். ரீடைரெக்ட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க கூகுள் சொல்கிறது. அது தேடலுக்கான கணக்கு. மென்பொருளுக்கு, அந்தப் பதிப்பை யாராவது ஓட்டும்வரை வைத்திருக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாரோ வாங்கிக்கொள்வார்கள். கைமாறிய டொமைன் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: பழைய பிரவுசர்களுக்கான ஸ்கிரிப்ட் தந்த பாலிஃபில்.ஐஓ டொமைன் 2024 தொடக்கத்தில் விற்கப்பட்டது. அதிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஜூனில் அந்த ஸ்கிரிப்ட் வழியே தீங்கான கோட் வந்தது தெரியவந்தது.

எரர் செய்திக்குள் பிளாக் முகவரியை நேரடியாக வைக்காதீர்கள். உங்கள் சொந்த டொமைனில் மாறாத ஒரு குறுமுகவரி வைத்து, அது எங்கே போக வேண்டும் என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளுங்கள். பெங்களூரில் நம் மெஜஸ்டிக் ரயில் நிலையத்தின் பெயர் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா என்று மாறியது, டிக்கெட்டில் எஸ்பிசி என்ற குறியீடு அப்படியே இருக்கிறது. அதுபோல ஒன்று. ஆனால் அடுத்தவர் சுருக்க லிங்க் சேவையில் இதை வைக்கக் கூடாது. கூகுள் தன் சுருக்க லிங்க் சேவையில் புதிதாக உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது, 2024 கடைசியில் யாரும் பயன்படுத்தாத லிங்க்குகளை 2025இல் முடக்குவதாக அறிவித்தது. எரர் லிங்க் வருடத்துக்கு ஒருமுறை அழுத்தப்படுவதுதான், ஆனால் அழுத்துகிறவர் அப்போது அவசரத்தில் இருப்பார்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நிரந்தர மாற்றத்துக்கு, தற்காலிகம் என்று சொல்லும் 302 போடாமல், நிரந்தரம் என்று சொல்லும் 301 அல்லது 308 போடுங்கள். பழையதிலிருந்து இடைப்பட்டதுக்கு, அங்கிருந்து புதியதுக்கு என்று சங்கிலி விடாமல் நேராகக் கடைசி முகவரிக்கு அனுப்புங்கள். கருவி 403 (அனுமதி இல்லை) அல்லது 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) காட்டினால் அந்த லிங்க் செத்துவிட்டது என்று நீக்கிவிட வேண்டாம். தானியங்கிகளை அந்தத் தளம் தடுக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். பிரவுசரில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்த டைம்அவுட் பதிவு என்ன ஆனது என்றால், இடம் மாற்றும்போது 'பழையது, யாரும் படிப்பதில்லை' என்று யாரோ விட்டுவிட்டிருந்தார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பிரதி கிடைத்தது. அந்த லிங்க்கையே கைடில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் டாக்ஸ் படித்து வேலை செய்ய வேண்டியவருக்கு உண்மையில் தேவைப்பட்டது அதிலிருந்த மூன்று பத்திதான். அவற்றை இப்போதைய பதிப்புக்குச் சரிபார்த்து கைடிலேயே எழுதிச் சேர்த்தோம், லிங்க்கை எடுத்துவிட்டோம். அந்த மாற்றத்தை ரெப்போவில் சேர்க்கும் கோரிக்கையை (பிஆர்) போட்டது அந்தச் சேலத்துப் பெண்தான்.