முதலில் நின்று, பிறகு உட்கார்ந்து: ஃபஸ்ஸி கார்டில் நாம் செய்யும் தவறுகள்

சோமனூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் ஓடும். கீழே தறி ஓடும். போன மாதம் கோபியிலிருந்து வந்திருந்த மாமன் மகன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி வாங்கிக்கொண்டிருந்தான். கீழே விழுந்து எழுந்திருக்கும் நேரம் பார்த்து எதிராளி அவன் மேல் குதிப்பான். இவன் நின்றபடி தடுப்பான். எதிராளி காற்றில் ஒன்றுமே செய்யாமல் இறங்கி, காலில் ஒரு உதை விடுவான். அடுத்த முறை இவன் உட்கார்ந்து தடுப்பான். அப்போது குதியோடு சேர்ந்து தலையில் விழும்.

"ஏனுங்ணா, இதுல எதையத்தான் நம்பித் தடுக்கறது? காசு சுண்டிப் பாக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றான்.

காசு சுண்ட வேண்டியதே இல்லை. அந்த இரண்டு அடியும் ஒரே நேரத்தில் வருவதில்லை. குதியடி எதிராளியின் கால் தரையில் படுவதற்கு முன்பே வந்துவிடும். கால் உதையோ இறங்கிய பிறகுதான் தொடங்கவே முடியும். வேகமான உதைக்குக்கூட நான்கைந்து ஃபிரேம் வேண்டும் (ஃபிரேம் என்றால் திரையில் மாறும் ஒரு படம், நொடிக்கு 60). அப்படியானால் முதலில் நின்று தடுத்துவிட்டு, அவன் தரையைத் தொடும் நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் இரண்டுமே தடுபடும். எதிராளி எதைத் தேர்ந்தெடுத்தான் என்று நமக்குத் தெரியவே வேண்டாம். இதுதான் ஃபஸ்ஸி கார்டு. சண்டை விளையாட்டில் நான் கற்றுக்கொண்டவற்றில் என்னை அதிகம் காப்பாற்றியது இதுதான், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பின்பக்கம் அழுத்தினால் நின்று தடுப்பது, பின்பக்கத்தோடு கீழேயும் சேர்த்து அழுத்தினால் உட்கார்ந்து தடுப்பது. குதியடியையும், தரையில் இருந்தபடியே தலையில் இறங்கும் ஓவர்ஹெட் அடியையும் நின்றால்தான் தடுக்க முடியும். காலைக் குறிவைக்கும் லோ அடியை உட்கார்ந்தால்தான் தடுக்க முடியும். ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடும் த்ரோவை எப்படி இருந்தாலும் தடுக்க முடியாது.

முதல் தவறு, கண்ணை நம்புவது. நிறையப் பேர் ஃபஸ்ஸி கார்டு என்றால் வேகமாகப் பார்த்து வேகமாக மாற்றுவது என்று நினைக்கிறார்கள். பார்த்து, புரிந்து, விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும். அது 15 ஃபிரேம். டிவியின் தாமதம் வேறு அதன் மேல் ஏறும். ரியூ என்ற பாத்திரத்தின் ஓவர்ஹெட்டுக்கு 20 ஃபிரேம், அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் பார்த்துத் தடுக்கலாம். ஐந்து ஃபிரேம் உதையை யாராலும் பார்த்துத் தடுக்க முடியாது. ஆகவே கண் பார்க்க வேண்டியது அடியை அல்ல, நேரத்தைக் காட்டும் ஒரு அடையாளத்தை. மேலே சொன்ன உதாரணத்தில் அந்த அடையாளம் எதிராளி இறங்கும் கால். ஒரு பாத்திரம் குதித்துவிட்டால் எப்போது இறங்கும் என்பது பெரும்பாலும் மாறாது. அதனால் குதி கிளம்பியபோதே இறங்கும் நேரம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாவு திறக்கிற நேரத்துக்கு நாடா ஓட வேண்டும். திறந்துவிட்டதா என்று யாரும் பார்த்துவிட்டு நாடாவை அனுப்புவதில்லை. அந்த இரண்டும் ஒரே ஓட்டத்தில் கட்டப்பட்டவை. கொஞ்சம் முன்பின் ஆனாலும் நூல் அறும். மாமன் மகனிடமும் அதைத்தான் சொன்னேன்: "அவன் என்ன பண்றான்னு பாக்காத கண்ணு. எப்ப எறங்கறான்னு மட்டும் பாரு."

அடுத்த தவறு அவன் கட்டைவிரலில் இருந்தது. ஒரு அரைமணி நேரம் அவன் முகத்தையும் திரையையும் பார்த்துவிட்டு, பிறகுதான் கையைப் பார்த்தேன். நிற்பதிலிருந்து உட்காருவதற்கு மாறும்போது விரலைப் பின்பக்கப் பட்டனிலிருந்து தூக்கி, மூலையில் கொண்டுபோய் வைத்தான். அந்தத் தூக்கிய இடைவெளியில் இரண்டு மூன்று ஃபிரேம் அவன் எதையுமே தடுக்கவில்லை. சரியான நேரத்தில்தான் மாற்றினான், ஆனாலும் அடி விழுந்தது; அதனால் நேரம்தான் தப்பு என்று நினைத்து நேரத்தையும் கெடுத்துக்கொண்டான். பின்பக்கம் அழுத்திய விரல் எழவே கூடாது. விரலின் அடிப்பகுதியை மட்டும் கீழ்ப்பக்கம் சாய்த்தால் போதும். கீபோர்டில் ஆடுகிறவர்களுக்கு இது சுலபம், ஒரு விரல் பின்பக்கத்தைப் பிடித்தே இருக்க, இன்னொரு விரல் கீழே அழுத்தும். எதிராளி தலைக்கு மேலாகத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பின்பக்கமே மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அவசரமாக உட்காருவது இன்னொன்று. காலில் இரண்டு முறை உதை வாங்கியதும் பயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எதிராளி இன்னும் காற்றில் இருக்கும்போதே விரல் கீழே போய்விடும். தேர்ந்த எதிராளி குதியடியைக் கடைசி நேரத்தில், தரையை ஒட்டி விடுவான். இறங்குவதற்கு முன் உட்கார்ந்தவன் அதில் மாட்டுவான். தரை தொட்ட பிறகு நமக்கு நான்கைந்து ஃபிரேம் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும். அது சின்ன நேரம்தான், ஆனால் எதிர்பார்த்து அழுத்துகிற விரலுக்குப் போதும்.

இந்தத் தைரியம் பேச்சில் வராது, பயிற்சி அறையில்தான் வரும். ட்ரெயினிங் மோடில் பொம்மைக்கு இரண்டு செயலைப் பதிவு செய்யுங்கள்: ஒன்று குதித்து அடிப்பது, இன்னொன்று குதித்துச் சும்மா இறங்கி உதைப்பது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஒரே விரல் அசைவால் இரண்டையும் தடுங்கள். திரையில் ஃபிரேம் மீட்டரை எடுத்து வைத்துக்கொண்டால் எங்கே முந்தினோம், எங்கே பிந்தினோம் என்று தெரியும். தினம் பத்து நிமிடம் போதும். பொம்மை எதைச் செய்யப்போகிறது என்று ஊகிக்கத் தொடங்கினீர்கள் என்றால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஊகித்துத் தடுத்தது கணக்கில் சேராது.

இரண்டும் தடுபட்டதும் மாமன் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிராளி சும்மா இறங்கி அவனைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். ஃபஸ்ஸி கார்டு எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று நம்புவதுதான் நடுத்தர ஆட்டக்காரர்களின் பெரிய தவறு. அது அடிக்கு எதிரான வேலை, த்ரோவுக்கு அல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் உட்கார்ந்தாலும் த்ரோ பிடிக்கும். அதற்கு, தடுத்தபடியே கொஞ்சம் தாமதித்து த்ரோ பட்டன்களை அழுத்தி விடுவித்துக்கொள்ள வேண்டும். அதையும் ஒவ்வொரு முறையும் செய்தால் எதிராளி ஒரு அடி பின்வாங்கி, நம் கை வெறுங்காற்றைப் பிடிப்பதைப் பார்த்து அடிப்பான். ஆக ஊகம் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. நான்கு வழியாக இருந்தது இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதுவே பெரிய லாபம்.

நேரத்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்வதும் ஆபத்து. நீங்கள் எப்போதும் ஒரே நொடியில் உட்காருகிறீர்கள் என்று தெரிந்தால், நல்ல எதிராளி அடியை வேண்டுமென்றே தாமதிப்பான், அல்லது நீங்கள் உட்கார்ந்த பிறகு ஓவர்ஹெட் விடுவான். ஃபஸ்ஸி என்ற பெயரிலேயே எதிராளியின் தந்திரம் ஒன்றும் இருக்கிறது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சில விளையாட்டுகளில் நின்று தடுத்தவனின் உடல், அந்தத் தடுப்பு முடியும்வரை நின்ற உயரத்திலேயே இருக்கும், விரல் கீழே போயிருந்தாலும். உட்கார்ந்தவனின் தலைக்கு மேலே போக வேண்டிய குதியடி அப்போது அவன் மேல் படும். அதைத்தான் ஃபஸ்ஸி ஓவர்ஹெட் என்கிறார்கள். நம் தற்காப்பை உடைக்கவே பிறந்தது.

டெக்கன் என்ற இன்னொரு சண்டை விளையாட்டுக்கு வந்தால் கணக்கு வேறு. அங்கே நடு உயரத்தில் வரும் மிட் அடி உட்கார்ந்தவனை அடிக்கும், லோ நின்றவனை அடிக்கும், உயரத்தில் வரும் ஹை அடியும் பெரும்பாலான த்ரோவும் உட்கார்ந்தவனின் தலைக்கு மேலே போகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் பழக்கத்தில் 'முதலில் நில், பிறகு உட்கார்' என்று அங்கே போனால் அடி விழும். ஒரு தொடர் அடியின் முடிவு லோவாகவும் இருக்கலாம், மிட்டாகவும் இருக்கலாம் என்றால், எது முதலில் வருகிறது என்று பாருங்கள். லோ முந்தினால் முதலில் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும், மிட் முந்தினால் திருப்பிப்போட வேண்டும். இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் ஃபஸ்ஸி கார்டு அங்கே இல்லவே இல்லை. இல்லாத இடத்தில் அதைச் செய்து அடி வாங்கிவிட்டு 'இது வேலைக்கு ஆகாது' என்று விட்டவர்கள் பலர்.

அடி படும் நேரத்தில் அதைத் தட்டிவிடும் பாரி (parry) வேறு, இது வேறு. 2004 ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா, எதிராளி ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி என்ற பாத்திரம் விட்ட 15 அடியையும் முன்பக்கம் தட்டித் தட்டியே தாங்கினாரே, அது பாரி. அடி படும் நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும், தவறினால் ஆட்டம் முடிந்தது. ஃபஸ்ஸி கார்டில் நாம் தடுப்பை விடுவதே இல்லை, உயரத்தை மட்டும் மாற்றுகிறோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் பாரி, உயரம் பார்க்காமல் எல்லா அடியையும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது த்ரோ வாங்கினால் சேதம் கூடுதல்.

கடைசியாக, நம் ஊர் இணையம். ஆன்லைனில் இணைப்பு தடுமாறினால், ரோல்பேக் முறையில் (எதிராளியின் அசைவை ஊகித்துக் காட்டி, பிறகு திருத்தும் முறை) எதிராளியின் அசைவின் முதல் சில ஃபிரேம்கள் திரையில் வராமலே போகும். பார்த்துத் தடுக்கிறவன் அங்கே இன்னும் பின்தங்குவான். நேரம் வைத்துத் தடுக்கிறவனுக்கு அந்த நஷ்டம் குறைவு. வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுங்கள். நாங்கள் மாடிப்படியோரமாகவே இழுத்துவிட்டோம். மாமன் மகன் ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி அந்தக் கேபிளின் இந்த முனையில் நான், கோபியில் அவன். எழுந்திருக்கும்போது அவன் மேல் குதித்தேன், காற்றில் ஒன்றும் செய்யாமல் இறங்கி உதைத்தேன். தடுத்தான். மறுபடி குதித்து, கடைசி நேரத்தில் அடித்தேன். அதையும் தடுத்தான். மூன்றாவது முறை இறங்கிப் பிடித்தேன், தூக்கிப் போட்டேன். "அது நாளைக்குங்ணா" என்றான் போனில்.