கூரையுள்ள மரப்பாலங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூரையுள்ள பழைய மரப்பாலத்தின் படத்தைப் பார்த்ததும், அந்தக் கூரை ஆட்களுக்காகப் போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க, குதிரை ஆற்றைப் பார்த்து மிரளாமல் இருக்க, பனி உள்ளே விழாமல் இருக்க என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பனி விஷயத்தில் நடந்தது நேர் எதிர். அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ஷயர் பகுதிகளில் சறுக்குவண்டி ஓட வேண்டும் என்பதற்காகவே, வெளியே கிடந்த பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்.

கூரை காப்பது பாலத்தின் எலும்புக்கூட்டை. இரண்டு பக்கமும் நிற்கும் டிரஸ், அதாவது மரங்களைக் கோத்துச் செய்த சட்டங்கள்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கின்றன. அவற்றின் மூட்டுகளில் தண்ணீர் இறங்கித் தங்கினால் பூஞ்சை பிடித்து மரம் மக்கிவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பூஞ்சை வளராது. பிலடெல்பியாவில் 1805-இல் திறந்த ஸ்கூல்கில் ஆற்றுப் பாலத்தைக் கட்டிய டிமொதி பாமர் இதை நன்றாக அறிந்தவர். மூடினால் 30, 40 ஆண்டு நிற்கும், மூடாமல் விட்டால் 10, 12 ஆண்டில் பாழாகிவிடும் என்று எழுதினார். மூடினார்கள். அமெரிக்காவில் கூரைப் பாலங்களின் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலங்கையில் பதுளைக்குப் பக்கத்திலுள்ள போகொட மரப்பாலத்தின் ஓட்டுக்கூரையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அருமை புரியும்.

எல்லாக் கூரைப் பாலமும் ஒரே மாதிரி என்று நினைப்பது அடுத்த தவறு. இதியேல் டவுன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை வாங்கிய முறையில், பலகைகளை மூங்கில் தட்டி போலக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சந்திக்கும் இடமெல்லாம் ஓக் மர முளை அடிப்பார்கள். நியூ ஹாம்ஷயரையும் வெர்மான்ட்டையும் இணைக்க 1866-இல் கட்டிய கார்னிஷ்–வின்ட்சர் பாலம் அந்த முறையின் ஒரு வகை. நீளம் சுமார் 449 அடி. இன்றும் அதில் கார் போகிறது! சீனாவின் பூஜியான், செஜியாங் மலைப்பகுதிப் பாலங்களோ வேறு ரகம். நீண்ட மரங்களை ஒன்றோடொன்று பின்னி வளைவாக நிறுத்துகிறார்கள். அங்கே மேலே உள்ள மண்டபத்தின் எடையே வளைவை அழுத்தி ஆடாமல் பிடிக்கிறது. அங்கே கூரை வெறும் குடையாக மட்டும் இல்லை.

பழுதுபார்ப்பில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிப்பவை. கூரையில் ஓட்டை இருக்கும்போதே பக்கப் பலகைகளுக்கு வண்ணம் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். பக்கப் பலகை சுமை தாங்குவதில்லை, அது வெறும் சட்டை. இடைவெளியெல்லாம் அடைத்துக் காற்றே போகாமல் செய்தால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

பாலத்தின் இரண்டு முனைகளை யாரும் பார்ப்பதில்லை. டிரஸ்ஸின் அடிமரம் கரையின் கல்கட்டில் உட்காரும் அந்த இடத்தில்தான் சாலையிலிருந்து வழிந்துவரும் தண்ணீர், மண், சருகு எல்லாம் சேரும். அதனால்தான் அந்தக் காலத் தச்சர்கள் கல்லுக்கும் டிரஸ்ஸுக்கும் நடுவே தனியாக அடிக்கட்டைகளைப் போட்டார்கள். மக்கினால் முதலில் கட்டை மக்கட்டும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. முனைகளைக் கூட்டிச் சுத்தமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் இரும்பு. பாரம் தாங்காது என்ற பயத்தில் அடியில் எஃகு உத்தரங்களைச் செருகிவிடுகிறார்கள். பார்வைக்குப் பாலம் அதேதான், ஆனால் டிரஸ் இனி தன்னைத்தானே சுமக்கும் அலங்காரம் மட்டுமே. வேறு வழியே இல்லாத இடமும் உண்டு. ஆனால் மக்கிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தை ஒட்டுப்போட்டு, முளைக்கு முளையே அடித்து, வண்டி எடைக்கு வரம்பு வைத்துப் பார்த்த பிறகுதான் எஃகைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தீயை மறந்துவிடுவதும் பெரிய தவறு. நன்றாகக் காய்ந்த மரம், நடுவில் சுரங்கம் போலக் காற்றோட்டம்: ஈரத்துக்கு எதிராக உதவியதெல்லாம் தீக்குத் தோதாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்தில் கப்பெல்புருக்கே என்ற கூரைப் பாலம் 1993 ஆகஸ்ட் 18 அன்று எரிந்தது. அதோடு கூரைக்கடியில் இருந்த 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவையும் போயின. பூஜியானின் வானான் பாலம் 98.2 மீட்டர் நீளம். 2022 ஆகஸ்ட் 6 இரவு எரிந்து இடிந்து விழுந்தது.

வெள்ளம் கொண்டுபோனால் எல்லாம் முடிந்தது என்று கைவிடுவதும் தவறுதான். 2016 செப்டம்பரில் மெராண்டி புயல் வெள்ளம் செஜியாங்கின் தாய்ஷுன் வட்டாரத்தில் மூன்று பழைய கூரைப் பாலங்களை அடித்துச் சென்றது. ஊர்மக்கள் ஆற்றோரமாகத் தேடி அலைந்து மரங்களை ஒவ்வொன்றாகக் கரைசேர்த்தார்கள். பெரிய மரங்களில் பெரும்பாலானவை கிடைத்தன. மரத்தோடு மரம் கோத்த மூட்டுகள் என்பதால் தச்சர்களால் அவற்றை மறுபடியும் பொருத்த முடிந்தது. 2017-இல் பாலங்கள் அதே இடத்தில் எழுந்து நின்றன.